புது ஹார்டு டிஸ்க் தெரியவில்லையா? அவசரப்பட்டு எதையும் அழிக்காதீர்கள்

திருமணங்களுக்கு போட்டோ எடுக்கும் ஒருவர் போன வாரம் சர்வீஸுக்கு வந்தார். இடம் போதவில்லை என்று 4 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கித் தானே மாட்டியிருக்கிறார். விண்டோஸில் டிரைவ்களைக் காட்டும் ‘திஸ் பிசி’யில் அது வரவில்லை. ஏதோ வீடியோவைப் பார்த்து, கட்டளை அடித்து டிஸ்குகளைக் கையாளும் விண்டோஸ் கருவியான டிஸ்க்பார்ட்டைத் திறந்து, அதில் சொன்னபடியே ‘செலக்ட் டிஸ்க் 1’, ‘கிளீன்’ என்று அடித்துவிட்டார். வீடியோக்காரருக்கு 1 என்பது புது டிஸ்க். இவருடைய கம்ப்யூட்டரிலோ அது வாடிக்கையாளர்களின் போட்டோக்கள் இருந்த பழைய டிஸ்க். டிஸ்கில் உள்ள பார்ட்டிஷன்களை அழிக்கும் ‘கிளீன்’ கட்டளை ‘நிச்சயமாகவா?’ என்றுகூடக் கேட்காது. அதோடு நிறுத்தியிருந்தால் பெரும்பாலானவற்றை மீட்டிருக்கலாம். ஃபார்மட் செய்து, அதன்மேலேயே புது ஃபைல்களை ஏற்றிவிட்டுத்தான் வந்தார். இப்படி வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

‘திஸ் பிசி’யில் வரவில்லை என்றால் டிஸ்க் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை. கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிற புது டிஸ்க் பெரும்பாலும் வெறுமையாகத்தான் வரும். பார்ட்டிஷன், அதாவது ஃபைல் வைக்கப் பிரித்த பகுதி, இருக்காது; C, D மாதிரி டிரைவ் எழுத்தும் இருக்காது. அளந்து கல் நடாத மனை மாதிரி. மனை இருக்கிறது, விலாசம்தான் இல்லை. ‘திஸ் பிசி’ விலாசம் உள்ளதை மட்டுமே காட்டும். நல்ல டிஸ்கைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துச் சண்டை போடுகிறவர்களில் பலர் இதைத்தான் பார்க்கத் தவறுகிறார்கள்.

முதலில் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் செட்டிங்ஸ் திரைக்குள், போய்ப் பாருங்கள். அங்கே டிஸ்கின் மாடல் பெயர் வந்தால் கேபிளை நோண்ட வேண்டாம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறங்கள். கீழே ‘நாட் இனிஷியலைஸ்டு’, ‘அன்அலொகேட்டட்’ என்று கறுப்புப் பட்டையோடு நிற்பதுதான் உங்கள் டிஸ்க். அளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்: 4 டிபி என்றால் ஏறக்குறைய 3726 ஜிபி காட்டும், 1 டிபி என்றால் 931. குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம், கணக்கிடும் முறை வேறு, அவ்வளவுதான். இனிஷியலைஸ் செய்யும்போது, அதாவது டிஸ்கை முதல்முறை தயார்செய்யும்போது, ஜிபிடி, எம்பிஆர் என்று பார்ட்டிஷன் விவரம் எழுதும் இரண்டு முறைகள் கேட்கும். ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் கொடுத்தால் 2 டிபிக்கு மேல் உள்ள இடம் பயன்படாமல் கிடக்கும். அப்புறம் ‘நியூ சிம்பிள் வால்யூம்’, முடிந்தது.

பயாஸிலேயே இல்லையா? பவரை முழுக்க அணைத்துவிட்டு, டேட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டையும் கழற்றி மாட்டுங்கள். போர்ட்டை மாற்றிப் பாருங்கள். எம்.2 டிஸ்க் (மதர்போர்டிலேயே செருகும் சின்ன எஸ்எஸ்டி) போட்டால் சில சாட்டா போர்ட்டுகள் (டிஸ்கின் டேட்டா கேபிள் மாட்டும் இடங்கள்) தாமாகவே அணைந்துவிடும் மதர்போர்டுகள் நிறைய உண்டு, மேனுவலில் அது இருக்கும். எம்.2 வாங்கும் முன்பே உங்கள் ஸ்லாட் என்விஎம்இ எடுக்குமா, சாட்டா எடுக்குமா என்று பாருங்கள்; எம்.2 டிஸ்க் இந்த இரண்டு வகையிலும் வரும். உள்ளே நுழைகிறது என்பதாலேயே வேலை செய்துவிடாது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸின் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) பவர் கேபிளை வேறு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டவே மாட்டாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே ஒயர் வரிசை மாறியிருக்கலாம். ஆன் செய்த நொடியில் டிஸ்கின் சர்க்யூட் போர்டு கருகிவிடலாம்.

நீங்கள் மாட்டியது புதிது அல்ல, ஏற்கெனவே ஃபைல்கள் உள்ள டிஸ்க் என்றால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். ‘இனிஷியலைஸ்’ என்று கேட்டாலும் ‘ஃபார்மட்’ என்று கேட்டாலும் கேன்சல்தான். தயவுசெய்து அப்படியே கழற்றி, விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்க வேண்டாம், ஒவ்வொரு முறையும் உள்ளே தட்டு கீறிக்கொண்டிருக்கலாம். ஃபிரீசரில் வைத்தால் சரியாகும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உள்ளே ஈரம் படிந்தால் மீட்க இருந்த வாய்ப்பும் போய்விடும்.