தையல் பிரியவில்லை, துணிதான் கிழிந்தது

ஜனவரி கடைசியில் ஸ்கார்பரோவிலிருந்து ஒரு தம்பி, பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தான். "சின்னக் கீறல்தான் அண்ணா. மேலே ஒரு வெல்டிங் வைத்துக் கொடுத்தால் சனிக்கிழமை ஓட்டிவிடலாம்." கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் வடபகுதியில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இந்த வசனம் குளிர்காலம் முழுக்கக் காதில் விழும்.

கீறல் டனலில் இருந்தது. 'ப' எழுத்தைக் கவிழ்த்துப் போட்டதுபோல, வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டையான ட்ராக்கின் மேல் நீளமாக உட்கார்ந்திருக்கும் அலுமினியத் தகடுதான் டனல். சீட், பெட்ரோல் டேங்க் எல்லாம் அதன் முதுகில். பின் சஸ்பென்ஷன் அதன் இரண்டு பக்கச் சுவர்களிலும் போல்ட்டில் தொங்குகிறது. வண்டியின் பின்பாதிக்கு இதுதான் முதுகெலும்பு.

சீட்டைக் கழற்றியதும் நான் கீறலைப் பார்க்கவில்லை, தகடுகளை இணைக்கும் ஆணிகளான ரிவெட்டுகளைப் பார்த்தேன். நான்கு ரிவெட்டுகளின் தலையைச் சுற்றிக் கண்மை தீற்றியதுபோல் கறுப்புப் பொடி. அது அழுக்கு இல்லை. ரிவெட் தளர்ந்து, தகடும் தகடும் உரசி, அலுமினியம் பொடியாகி வெளியே வருகிறது. கீறல் விழுவதற்கு முன்பே வண்டி கொடுக்கும் எச்சரிக்கை அது. உங்கள் வண்டியிலும் ஒரு துணியும் டார்ச் லைட்டும் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள், காசு செலவில்லை.

கீறலே ஒரு பழைய வெல்டிங்கை ஒட்டி ஓடியிருந்தது. போன வருஷம் வேறு எங்கோ வைத்த வெல்டிங். வெல்டிங் அப்படியே இருக்கிறது, அதன் ஓரத்துத் தகடு கிழிந்திருக்கிறது. தையல் பிரியாமல், தையலை ஒட்டித் துணி கிழிவதுபோல.

காரணம் சூடு. 6061-டி6 என்ற ரகம் மாதிரியான அலுமினியத்துக்கு வலிமை வருவதே சூட்டுப் பதத்தால்தான். ஏறக்குறைய 530 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி 160–175 டிகிரியில் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். வெல்டிங் டார்ச்சின் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடுகிறது. 310 மெகாபாஸ்கல் (இழுவிசையை அளக்கும் அலகு) வரை தாங்கும் உலோகத்துக்கு, வெல்டிங் ஓரத்தில் 165 என்றுதான் கணக்குப் போடுவார்கள். அதோடு, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஆட்டம் இருந்தால் இரும்பு காலம் முழுக்கத் தாங்கும், அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பான அளவே கிடையாது. சின்னச் சின்ன அதிர்ச்சிகூடக் கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

வெல்டிங்கே கூடாது என்று சொல்லவில்லை. வார்ப்புப் பாகத்துக்கும் தடித்த பிராக்கெட்டுக்கும் டிக் (TIG) வெல்டிங் நானே வைக்கிறேன். மெல்லிய டனல் தகட்டுக்கு என் ஓட்டு, ரிவெட் அடித்த ஒட்டுத் தகட்டுக்கே.

முதலில் கீறல் உண்மையில் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சிவப்புச் சாயத்தைத் தெளித்து, பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, கீறலுக்குள் தங்கிய சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பரை அடித்தேன். கண்ணுக்கு 4 செ.மீ. தெரிந்த கீறல், வெள்ளையின் மேல் மெல்ல ஊறி 6 செ.மீ. ஆனது. தம்பி வாயைத் திறக்கவில்லை. அந்த உண்மையான நுனியில் 3 மி.மீ. துளை போட்டு, விளிம்பை வழவழப்பாக்கினேன். கூரான நுனி உருண்டையானால் இழுவிசை ஓர் இடத்தில் குவியாது.

அப்புறம் ஒட்டுத் தகடு. சதுரமாக வெட்டி அடித்தால் அதன் ஓரத்திலேயே அடுத்த கீறல் பிறக்கும். முனைகளைக் குறுக்கி, மூலைகளை உருட்டி, ரிவெட்டுகள் ஒரே கோட்டில் வந்து முடியாதபடி வைக்க வேண்டும். ஓரத்திலிருந்து ரிவெட் விட்டத்தின் இரண்டு மடங்காவது தள்ளித் துளை. சாதாரண பாப் ரிவெட் வேண்டாம், கட்டமைப்புக்கென்று வரும் ரிவெட்டையே போடுங்கள். இரும்பு ரிவெட்டும் ஆகாது. உப்புப் போட்ட நெடுஞ்சாலையில் டிரெய்லரில் வரும் வண்டியில், இரும்பைச் சுற்றி அலுமினியம் அரித்துப்போகும். வலது பக்கம் பொறித்திருக்கும் வண்டி எண்ணைத் தகடு மூடிவிடக் கூடாது, விற்கும்போது பதில் சொல்ல முடியாது.

இடது பக்கம் சரியாகத்தான் தெரிந்தது. சாயம் அடித்ததில் அங்கேயும் 1 செ.மீ. கீறல். இரண்டு பக்கமும் தகடு போட்டோம்.

வீட்டில் வெல்டிங் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டேங்கையும் பேட்டரியையும் கழற்றுவது எல்லோருக்கும் தெரியும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் பொறி (ஆர்க்) பிடிக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. சூட்டிலும் புற ஊதா ஒளியிலும் அது பாஸ்ஜீன் வாயுவாக மாறும், முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம். டப்பாவில் குளோரின் கலக்காதது என்று எழுதியிருக்கிறதா என்று படியுங்கள். நான் அசிட்டோனால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே வெல்டிங் டார்ச்சைத் தொடுவேன்.

இவ்வளவும் செய்தாலும், கீறல் ஏன் வந்தது என்ற கேள்வி பாக்கி. டனலின் கடைசியில், சஸ்பென்ஷன் போல்ட்டுக்கு வெகு பின்னால், ஒரு ரேக். அதில் 20 லிட்டர் பெட்ரோல் கேன். கேனோடு சேர்த்தால் 15 கிலோவுக்கு மேல். மேட்டிலிருந்து வண்டி குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த எடை பல மடங்காகி, நெம்புகோல்போல டனலைக் கீழே வளைக்கிறது. கேனைப் பாதியாக்கி முன்னால் நகர்த்தச் சொன்னேன். முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ரிவெட்டைச் சுற்றிக் கறுப்புப் பொடி வருகிறதா என்று பார்க்கவும் சொல்லி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துப் படம் அனுப்பினான். ரிவெட்டுகள் பளிச்சென்று இருந்தன. படத்தின் ஓரத்தில் அதே ரேக், அதே இடம், அதே கேன். "பாதிதான் ஊற்றியிருக்கிறேன் அண்ணா" என்று கீழே எழுதியிருந்தான்.