நீரல்லாக் கரைப்பான்: ‘நீரற்ற’ என்பது ஏன் பொருந்தாது?

வேதியியலில் ‘நான்-அக்வஸ் சால்வென்ட்’ என்பதை ‘நீரற்ற கரைப்பான்’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, பொருள்தான் பிசகுகிறது.

இலத்தீனில் ‘அக்வா’ என்றால் நீர். நீரே கரைப்பானாக இருந்தால் ‘அக்வஸ்’. வேறொன்று கரைப்பானாக இருந்தால் ‘நான்-அக்வஸ்’. கிரேக்கத்தில் நீருக்கு ‘ஹைடோர்’ என்று பெயர். ஈரமே இல்லாததைக் குறிக்கும் ‘அன்ஹைட்ரஸ்’ அதிலிருந்து வந்தது. வெள்ளைப் பொடியாக இருக்கும் காப்பர் சல்பேட்டில் ஒரு சொட்டு நீர் விட்டதும் நீலமாகிறதே, அந்தப் பொடிதான் அன்ஹைட்ரஸ். ‘நீரற்ற’ அதற்கே உரிய சொல்.

இந்த வேறுபாட்டைத் தமிழ் எப்போதோ தீர்த்து வைத்துவிட்டது. ‘இல்லை’ இன்மையைச் சொல்லும், ‘அல்ல’ அன்மையைச் சொல்லும். ‘பாலில் நீர் இல்லை’ வேறு, ‘பால் நீர் அல்ல’ வேறு. அதனால் ‘நீரல்லாக் கரைப்பான்’ என்பதே சரி.

சொல்லுக்காக ஏன் இத்தனை பிடிவாதம்? எஞ்சின் எண்ணெயில் அமிலம் எவ்வளவு என்று சொல்லும் ‘அமில எண்’ அளக்கப்படும் முறையைப் பாருங்கள். எண்ணெய் நீரில் கரையாது. அதனால் 500 மி.லி. டொலுயீன், 495 மி.லி. ஐசோபுரொப்பனால், 5 மி.லி. நீர் சேர்ந்த கலவையில் கரைக்கிறார்கள். வேண்டுமென்றே நீர் சேர்த்த ஒன்றை ‘நீரற்ற’ என்று எப்படிச் சொல்வது?

அந்தக் கலவைக்குள் நின்று அமிலத்தை அளக்கும் உணர்கருவியான கண்ணாடி மின்முனைக்கும் நீர் வேண்டும். அதன் குமிழின் மேல் நீர் ஊறிய மெல்லிய படலம் இருந்தால்தான் அது அமிலத்தை உணரும். உலர்ந்த கரைப்பானில் நெடுநேரம் நின்றால் படலம் காய்ந்து, திரையில் எண் நிலைகொள்ளாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். எடுத்து நீரில் ஊறவைத்தால் தேறிவிடும். ஒப்பிட்டுப் பார்க்கக் கூடவே வைக்கும் ஒப்பீட்டு மின்முனையில் வழக்கமாக இருக்கும் பொட்டாசியம் குளோரைடு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. வெள்ளையாகப் படிந்து துளையை அடைத்துவிடும். அதனால் எத்தனாலில் கரைத்த லித்தியம் குளோரைடை ஊற்றுகிறார்கள்.

அப்புறம், அமிலத்தன்மையைச் சொல்லும் பிஎச். 1909இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேதியியலர் சோரன்சன் வகுத்த இந்த அளவுகோல் நீருக்கானது. நடுநிலை 7 என்பதும் நீரின் கணக்குதான். எத்தனாலுக்கு அது ஏறக்குறைய 9.5. எனவே நீரல்லாக் கரைப்பானில் பிஎச் மீட்டர் 7 என்று காட்டினால், அதை நடுநிலை என்று எழுதிவிடாதீர்கள்.