மார்கழிக் குளிரில் ஓர் அணுக் காந்தமானி

புவிக்காந்தப் புலம் தரைக்குக் கிடையாக ஓடும் கோடான காந்த நடுக்கோட்டுக்கு அருகில் கொடைக்கானல் இருப்பதால், சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் ஓடும் மின்னோட்டம் நண்பகலை ஒட்டி அங்குள்ள புவிக்காந்தப் புலத்தைப் பல பத்து நானோடெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் சிறிய அலகு) உயர்த்துகிறது. அதைப் பதிவு செய்வதற்காக, தீப்பெட்டி அளவேயுள்ள எங்கள் ருபீடியம் காந்தமானியை ஒரு மார்கழியில் மலைக்குக் கொண்டுசென்றோம்.

கருவியின் அடிப்படை எளிது. கண்ணாடிக் கலத்திலுள்ள ருபீடியம் ஆவியின் அணுக்களை 795 நானோமீட்டர் லேசர் ஒளி ஒரே திசைக்குத் திருப்புகிறது. பிறகு அவை சாய்ந்த பம்பரம்போலப் புலத்தைச் சுற்றித் தலையாட்டுகின்றன. ருபீடியம்-87 ஒரு நானோடெஸ்லாவுக்கு நொடிக்குச் சுமார் 7 முறை தலையாட்டும் என்பதால், கொடைக்கானலின் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா புலத்தில் அது 280 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 2,80,000 முறை ஆகிறது. இந்த வேகத்தை அளந்தால் புலம் தெரிந்துவிடும். கலம் சிறுத்தால் அணுக்கள் விரைவில் சுவரில் மோதி ஒழுங்கை இழக்கும். அதைத் தாமதப்படுத்த நைட்ரஜனை நிரப்புகிறோம், குறுகிய இடத்தில் போதிய அணுக்கள் கிடைக்கக் கலத்தை 80 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறோம்.

சிக்கல் அந்தச் சூடேற்றியில்தான் இருந்தது. நேரான கம்பியில் ஓடும் வெறும் 10 மில்லிஆம்பியர் மின்னோட்டம் ஒரு சென்டிமீட்டர் தொலைவில் 200 நானோடெஸ்லா புலத்தை உண்டாக்கும். பெரிய கருவியில் கம்பியைத் தள்ளி வைக்கலாம். சிறிய கருவியில் தள்ளி வைக்க இடமே இல்லை. விடியற்குளிரில் சூடேற்றி கூடுதல் மின்னோட்டத்தை இழுத்தது, வெயில் ஏற ஏறக் குறைத்துக்கொண்டது. எங்கள் பதிவோ நண்பகலில் அழகாக உயர்ந்து காட்டியது. முதல் நாள் மகிழ்ந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மறுநாள் வானம் மூடி, மூடுபனி விலகாமல் குளிர் அப்படியே நின்றபோது, உயர்வில் பாதி காணாமல் போனது. மேலே ஓடும் மின்னோட்டம் மேகத்துக்கு அஞ்சுவதில்லை; காணாமல் போன பாதி எங்கள் சூடேற்றியின் வேலை.

பிறகு, ஒன்றின் புலத்தை மற்றொன்று அழிக்கும்படி போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒன்றாக முறுக்கி, அளக்கும் கணத்தில் சூடேற்றியை நிறுத்திப் பதிவெடுத்தோம். எஞ்சிய பிழைக்குத் தங்க முலாம் பூசிய இணைப்பியே காரணம். முலாமுக்கு அடியில் காந்தத்தன்மையுள்ள நிக்கல் இருந்தது. இத்தகைய கருவியை வாங்குவோர் விளம்பரத்தில் வரும் நுண்ணுணர்வு எண்ணை மட்டும் பார்க்காமல், சூடேற்றியின் மின்னோட்டத்தை மாற்றினால் அளவீடு எவ்வளவு நகர்கிறது என்று கேட்டுப் பெற வேண்டும். அதே இடத்தில் கருவியைத் திருப்பித் திருப்பி வைத்தும், அளவு மாறாமல் இருக்கிறதா என்று ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும்; அப்போது ஜெர்கின் ஜிப்பையும் கைபேசியையும் தொலைவில் வைத்துவிடுங்கள்.