அம்மா அமெரிக்கா கிளம்புகிறார்: பெட்டியில் எது போகும், எது போகாது

நங்கநல்லூரில் எங்கள் தெருவில் கோடை வந்தால் யாராவது ஒரு அம்மா அமெரிக்கா கிளம்பிக்கொண்டிருப்பார், பெரும்பாலும் மகளின் பிரசவத்துக்கு. மொட்டை மாடியில் வடாம் காயும், மிஷினில் மிளகாய்ப் பொடி அரைத்து வரும், பெட்டியை மூடித் திறந்து மூடி எடை பார்ப்பார்கள். எடையைப் பற்றி ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள், ஆனால் அங்கே இறங்கியதும் கஸ்டம்ஸில் என்ன கேட்பார்கள் என்பதை அந்த அம்மாவிடம் உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லை.

விதி ஒன்றுதான். சாப்பிடும் பொருள் எது இருந்தாலும், ஒரு பொட்டலம் முறுக்கு என்றாலும், இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். படிவம் கொடுத்தால் அதில் ஆம் என்று குறிக்கவும், வாயால் கேட்டால் ‘யெஸ், ஃபுட்’ என்றாலே போதும். சொன்ன பிறகு அவர்கள் ஒரு பொருளை அனுமதிக்காவிட்டால் அதை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான், அபராதம் கிடையாது. சொல்லாமல் விட்டு, தடை செய்த பொருள் பெட்டியில் அகப்பட்டால் முதல் தடவையே 1000 டாலர் வரை அபராதம் போடலாம். பெட்டிகளை மோப்பம் பிடிக்க பீகிள் நாய்கள் வேறு சுற்றிவரும். பயத்தில் ‘நோ’ சொல்லிவிடுவதுதான் நம் அம்மாக்கள் செய்யும் தப்பு, அதனால் கிளம்புவதற்கு முதல் நாளே இதை வீட்டில் ஒருமுறை பேசிப் பழகிவிடுங்கள்.

என் அம்மாவுக்கு நான் ஒரு வேலை செய்தேன். கோடு போட்ட தாளில் பருப்புப் பொடி, ஊறுகாய், வடாம் எல்லாவற்றையும் ‘ரோஸ்டட் லென்டில் பவுடர்’ என்கிற மாதிரி ஆங்கிலத்தில் வரிசையாக எழுதி, பாஸ்போர்ட்டோடு வைத்துக் கொடுத்தேன். அம்மா பேசக்கூட வேண்டியிருக்கவில்லை, தாளை நீட்டினார்.

சரி, எது போகாது? முதலில் பச்சைக் கறிவேப்பிலை. புடவை மடிப்புக்குள் வைத்து எடுத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்துச் செடி. அந்த மரங்களையே அழிக்கும் ஒரு நோயைப் பரப்பும் சிறு பூச்சி இதிலும் தங்கும், அதனால்தான் அவ்வளவு கெடுபிடி. பழம், காய் எதுவும் வேண்டாம், மாம்பழ சீசன் என்றாலும். அரிசியும் போகாது: தானியத்தைத் தின்னும் காப்ரா வண்டுக்குப் பயந்து, அந்த வண்டு உள்ள நம் நாடு மாதிரி இடங்களிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவருவதை 2011-லேயே நிறுத்திவிட்டார்கள். தோட்டம் போட கீரை விதை, வெண்டை விதை என்று முடிந்து வைப்பதும் வேண்டாம், அதற்குத் தனிச் சான்றிதழ் கேட்பார்கள். இறைச்சி சேர்ந்த எதுவும் கூடாது, உப்புக்கண்டமும் சேர்த்துத்தான். ஆனால் கருவாடு போகலாம்! மீன் வகைகளைச் சொந்தச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோக அனுமதி இருக்கிறது, நாற்றம் வெளியே வராமல் மூன்று நான்கு கவர் போட்டுக் கட்டுங்கள். வறுத்து அரைத்த பொடிகள், காபித்தூள், டீத்தூள் இவற்றுக்கெல்லாம் பொதுவாகத் தொந்தரவு இல்லை, கடைசி முடிவு அங்கே நிற்கும் அதிகாரியுடையது.

மீனம்பாக்கத்தில் கவனிக்க வேண்டியது தனி. நெய், ஊறுகாய், குழம்பு எல்லாம் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் ஏறாது, பெரிய பெட்டியில் போடுங்கள். கொப்பரை மட்டும் எதிலுமே வேண்டாம், எண்ணெய்ச் சத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம் என்று அதை ஆபத்தான சரக்கு வகையில் சேர்த்திருக்கிறார்கள்.

அப்புறம், கசகசா. குருமா மசாலாவுக்கு நாம் சாதாரணமாகப் போடுவதுதான், ஆனால் துபாய், அபுதாபி வழியாகப் போகிறீர்கள் என்றால் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது, அதற்காகக் கைதானவர்கள் உண்டு. சிங்கப்பூரிலும் தடைதான். அரைத்த மசாலாவில் கசகசா சேர்த்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

வழியில் சாப்பிட மிளகாய்ப் பொடி தடவிய இட்லி எடுத்துப் போகலாம், தாராளமாக. விமானம் இறங்குவதற்குள் தின்று முடித்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால், விமானத்தில் கொடுத்த ஆப்பிளாகவே இருந்தாலும், விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.