கெம்மிக் கணவாயைக் கடக்கப் போகிறீர்களா? முதலில் இறக்கத்துக்கு ஆயத்தமாகுங்கள்

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மலைக்குப் போய்வந்த முழங்கால்கள் நிறையவே எங்கள் சிகிச்சை அறைக்கு வரும். "எப்போது நோகத் தொடங்கியது?" என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கி வரும்போதுதான்."

பேர்ன் மாநிலத்தில் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். என்னிடம் வருகிற தமிழர்களில் பலர் இருபது, முப்பது வருடங்களாக சுவிஸில் வாழ்பவர்கள். உணவகச் சமையலறையிலும் முதியோர் இல்லத்திலும் நாள் முழுக்க நின்று வேலை செய்தவர்கள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு இப்போதுதான் மலைப்பக்கம் போக நேரம் கிடைக்கிறது. லண்டனிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ உறவினர் வந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். மிக நல்ல விஷயம். இன்னும் நிறையப் பேர் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. போனவர்கள் நல்ல கால்களோடு திரும்பி வர வேண்டும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பேர்ன், வாலிஸ் மாநிலங்களுக்கு இடையே உள்ள கெம்மிக் கணவாயையே எடுத்துக்கொள்வோம். பேர்ன் பக்கத்து ஊரான கண்டர்ஷ்டேக்கிலிருந்து கேபிள் காரில் சுன்ப்யூல் வரை போய்விடலாம். அங்கேயே 1,900 மீட்டருக்கு மேலே வந்துவிடுவீர்கள். பிறகு ஷ்பிட்டல்மாட்டே மேய்ச்சல் வெளி, ஷ்வாரன்பாக் மலைவிடுதி, டாவ்பென்சே ஏரி என்று அகலமான பாதை. இடையில் ஒரு துண்டு மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கும். இரண்டரை, மூன்று மணி நேரத்தில் சுமார் 2,270 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாயில் நிற்பீர்கள். பேர்ன் பக்கத்துப் பச்சை முடிந்து, எதிரே வாலிஸ் மாநிலத்தின் பனிமலைகள் வரிசையாகத் தெரியும். ஏறிய உயரம் மொத்தமே 400 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதனால்தான் "லேசான நடை, யாரும் போகலாம்" என்று ஆளுக்கு ஆள் சொல்லி அனுப்புகிறார்கள்.

சரி, அதற்கு அப்புறம்? கணவாய்க்குக் கீழே செங்குத்தான பாறைச் சுவர். அதன் அடியில், 1,400 மீட்டர் உயரத்தில், லொய்கர்பாட் ஊர். கிட்டத்தட்ட 900 மீட்டர் இறக்கம். 1739 முதல் 1741 வரை ஆஸ்திரியாவின் டிரோல் பகுதித் தொழிலாளர்கள் அந்தச் சுவரில் வெட்டிய பாதைதான் இன்றும் கீழே போகிறது, வளைவுக்கு மேல் வளைவாக. அந்தக் காலத்தில் பயணிகள் கோவேறு கழுதையிலும் குதிரையிலும் இதைக் கடந்தார்கள். 1861இல் ஒரு பிரெஞ்சுச் சீமாட்டி இறங்கும்போது சேணத்திலிருந்து பள்ளத்தில் விழுந்து இறந்துபோனார். இறங்குவதென்றால் நடந்துதான் இறங்க வேண்டும் என்று அதன் பிறகு பயணிகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லப்பட்டது.

900 மீட்டரைக் கால் கணக்கில் பாருங்கள். ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்தால் 300 மாடி. ஓர் அடிக்கு 20 சென்டிமீட்டர் இறங்கினால் 4,500 அடிகள். ஒவ்வோர் அடியிலும் முழு உடம்பின் பாரத்தையும் ஒரு கால் மட்டும் தாங்கி, மெதுவாக மடங்கி, அடுத்த காலிடம் ஒப்படைக்க வேண்டும். ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உங்களை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது, சைக்கிளின் பிரேக் மாதிரி. இந்த வேலையில் இதயம் அவ்வளவு அடிக்காது, மூச்சும் வாங்காது. களைப்பு உங்களுக்குத் தெரியவே தெரியாது. தசை நார்கள் மட்டும் உள்ளுக்குள் நுண்ணிய அளவில் சேதமாகிக்கொண்டு வரும். பாதி வழியில் கால் நடுங்கத் தொடங்கும். தசை விட்டுக்கொடுத்த பிறகு பாரமெல்லாம் முழங்கால் சில்லுக்கும் மூட்டுக்கும் கணுக்காலுக்கும் போகும். சறுக்கி விழுவதும் கால் பிரள்வதும் அப்போதுதான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. சிகிச்சை அறையில் நான் எல்லோருக்கும் செய்வது. நீங்கள் வீட்டுப் படிக்கட்டிலேயே செய்து பார்க்கலாம். கடைசிப் படியில் கண்ணாடிக்கு முன்னால் நிற்பது மாதிரி நேராக நில்லுங்கள். ஒரு காலில் நின்றுகொண்டு மற்றக் காலின் குதியை மெல்லக் கீழே கொண்டுபோய்த் தரையைத் தொட்டுவிட்டுத் திரும்ப நிமிருங்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் அதில் சாயாதீர்கள். யாராவது முன்னால் நின்று உங்கள் முழங்காலைப் பார்க்கட்டும். முழங்கால் பெருவிரல் பக்கமாக உள்ளே சாய்கிறதா? இடுப்பு ஒரு பக்கம் தாழ்கிறதா? குதி மெல்லத் தொடாமல் கடைசியில் 'தொப்' என்று விழுகிறதா? பத்துத் தரம் இப்படிச் செய்யும்போது ஏழாவது எட்டாவது தரத்தில் இதெல்லாம் தெரிகிறதென்றால், கெம்மிச் சுவரை இறங்க அந்தக் கால் இன்னும் ஆயத்தமில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், இந்தத் தசை வேகமாகக் கற்றுக்கொள்ளும். ஒருமுறை இறக்கத்தில் வேலை வாங்கினால், அடுத்த தரம் அதே வேலைக்கு அது குறைவாகவே சேதமாகும். அந்தப் பாதுகாப்பு சில வாரங்களுக்கு நிற்கும். அதனால் நான் சொல்லிக் கொடுக்கிற பயிற்சி பலருக்கும் முதலில் விநோதமாக இருக்கும்: லிப்டில் மேலே போங்கள், படியில் இறங்கி வாருங்கள். மெதுவாக, ஒவ்வொரு படிக்கும் இரண்டு விநாடி எடுத்து. வாரத்தில் இரண்டு, மூன்று நாள். நாலு மாடியில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். போகிற நாளுக்கு ஆறு வாரம் முந்தியே தொடங்கினால் நல்லது. இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 300, 400 மீட்டர் இறக்கம் உள்ள சின்ன மலை ஒன்றுக்குப் போய்வந்தால் இன்னும் நல்லது. "நான் நாள் முழுக்க ஓடி ஓடித்தானே வேலை செய்கிறேன், எனக்கு எதற்குப் பயிற்சி?" என்று ஒரு அக்கா கேட்டார். சமதரையில் எவ்வளவு நடந்தாலும் தொடைத் தசை இந்த வேலையைப் பழகாது. அவரையும் படியில் இறங்க விட்டேன். இரண்டாவது நாள் தொடையைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு, நான்காவது வாரத்தில் நோவே இல்லை.

ஊன்றுதடி பற்றி நம்மவர்களிடையே ஒரு கூச்சம் இருக்கிறது, வயதானவர்களுக்கு உரியது என்று. தயவுசெய்து அதை விடுங்கள். இரண்டு தடிகளைச் சரியாகப் பயன்படுத்தினால் இறக்கத்தில் முழங்காலுக்குப் போகும் பாரம் கணிசமாகக் குறையும். இறங்கத் தொடங்கும் முன் தடியைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள். காலை வைப்பதற்கு முதல் தடி கீழே ஊன்றியிருக்க வேண்டும். உயரமான படிகளில் இரண்டு தடியையும் ஒன்றாக முன்னால் ஊன்றி இறங்குங்கள்.

அடுத்தது சப்பாத்து. பத்து வருடத்துக்கு முந்தி வாங்கி இரண்டு தரம் போட்டுவிட்டு நிலவறை அலுமாரியில் வைத்த மலைச் சப்பாத்து பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். ஆனால் பல சப்பாத்துகளின் நடு அடிப்பாகம் பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையால் ஆனது. காற்றின் ஈரம் பட்டே அது உள்ளுக்குள் உதிர்ந்துவிடும். போடாமல் வைத்திருந்தாலும் உதிரும். நடக்கத் தொடங்கிய ஒரு மணி நேரத்தில் அடி முழுதாகக் கழன்று, கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்கியவர்கள் இருக்கிறார்கள். போவதற்கு முதல் வாரமே அலுமாரியிலிருந்து எடுத்து, கையால் நன்றாக வளைத்துப் பாருங்கள். வெடிப்போ தூளோ தெரிந்தால் அது மலைக்கு உதவாது. நகரத்தில் போடுகிற வழுவழுப்பான அடி கொண்ட சப்பாத்தும் வேண்டாம். அங்கே இருப்பது சுண்ணாம்புப் பாறை, மழை பட்டால் வழுக்கும்.

பாதைப் பலகைகளைப் படிப்பது எளிது. மஞ்சள் மட்டும் என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை: நிதானமான கால், தலைசுற்றாத கண், நல்ல சப்பாத்து மூன்றும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் ஆல்பைன் பாதை, அதாவது மிகக் கடினமான உயர்மலைப் பாதை. அனுபவமில்லாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். பலகையில் எழுதியுள்ள நேரம் நிற்காமல் நடக்கிற நேரம் மட்டுமே. புட்டும் சம்பலும் சாப்பிடுகிற நேரம், படமெடுக்கிற நேரம், பிள்ளைகள் ஏரியில் கல்லெறிகிற நேரம் எதுவும் அதில் இல்லை. குடும்பமாகப் போனால் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கணவாய் நடையில் நேரக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நீங்கள் இறங்குவது வேறு பள்ளத்தாக்கில். கார் கண்டர்ஷ்டேக்கில் நிற்கும், நீங்கள் லொய்கர்பாட்டில் நிற்பீர்கள். அங்கிருந்து பஸ்ஸில் ரோன் பள்ளத்தாக்குக்கு இறங்கி, ரயிலில் லோட்ச்பெர்க் மலைச் சுரங்கம் வழியாகச் சுற்றித்தான் திரும்ப முடியும். ஆகவே காரை வீட்டிலேயே விட்டுவிட்டு ரயிலில் போவது நல்லது. கெம்மியில் இன்னொரு வசதியும் உண்டு: கணவாய்க்கு மேலேயிருந்து லொய்கர்பாட்டுக்கு கேபிள் கார் இறங்குகிறது. கடைசிக் கேபிள் கார் எத்தனை மணிக்கு, அன்று ஓடுகிறதா என்று காலையிலேயே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கணவாயில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்ததும், கூட வந்த ஒவ்வொருவரையும் ஒரு காலில் நின்று மெதுவாக மடங்கி நிமிரச் சொல்லுங்கள். தொடை நடுங்குகிறவர், முழங்கால் நோகிறவர் யாராக இருந்தாலும் கேபிள் காரில் இறங்கட்டும். அவருக்குத் துணையாக இன்னொருவரும் போகட்டும். "இவ்வளவு தூரம் வந்தாயிற்று, நடந்தே இறங்குவோம்" என்று சொல்லி மாமாவையும் மாமியையும் அந்தச் சுவரில் இறக்காதீர்கள். நோக்குளிசை போட்டுவிட்டு இறங்கவும் வேண்டாம். நோ என்பது நிறுத்தச் சொல்கிற குரல். அதை அமுக்கினால் காயம் பெரிதாகும்.

நீரிழிவு நம் சமூகத்தில் அதிகம், அதனால் இதையும் சொல்லியாக வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகைக் குளிசை எடுக்கிறவர்களுக்கும் நீண்ட நடையில் சர்க்கரை சட்டென்று இறங்கும். அன்றைய மருந்தளவு பற்றிக் குடும்ப வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். குளுக்கோஸ் வில்லை சட்டைப் பையில் இருக்க வேண்டும், முதுகுப் பையின் அடியில் அல்ல. ஏறும்போது நெஞ்சு இறுகினாலோ வழமைக்கு மாறாக மூச்சு முட்டினாலோ அங்கேயே நின்று உதவி கேளுங்கள்.

ஷ்பிட்டல்மாட்டேயில் கோடையில் மாடுகள் மேயும். நம் ஊரில் மாட்டோடு வளர்ந்த பழக்கத்தில் கன்றைத் தடவப் போகிறவர்கள் உண்டு. இங்கே கன்றோடு திறந்த வெளியில் நிற்கிற தாய்ப் பசு முட்ட வரும். தூரமாகச் சுற்றிப் போங்கள். அதே வெளியில்தான் 1895 செப்டம்பர் 11 அன்று ஆல்ட்டெல்ஸ் மலையின் பனிப்பாறை இடிந்து விழுந்து, ஆறு பேரும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மாடுகளும் இறந்தார்கள். மலை இன்றும் அசைகிறது. 2025 மே 28 அன்று பக்கத்துப் பள்ளத்தாக்கில் பிளாட்டன் கிராமம் பாறையிலும் பனிக்கட்டியிலும் புதைந்தது. ஊர்மக்களை முன்பே வெளியேற்றியிருந்ததால் பெரும் உயிரிழப்பு தவிர்க்கப்பட்டது. ஆகவே ஒரு பாதை மூடப்பட்டிருக்கிறது என்று பலகை சொன்னால், வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

ஆபத்து வந்தால் சுவிஸ் மீட்பு ஹெலிகொப்டர் சேவையான ரேகாவின் எண் 1414. வாலிஸ் பக்கத்தில் 144. எந்த நாட்டுத் தொலைபேசி என்றாலும் 112 வேலை செய்யும். ஹெலிகொப்டர் வரும்போது இரண்டு கையையும் மேலே விரித்து நின்றால் "உதவி வேண்டும்" என்று பொருள். கால் பிரண்டு, இனியும் நடந்தே இறங்க வேண்டிய நிலை என்றால் சப்பாத்தைக் கழற்றாதீர்கள். வீங்கினால் திரும்பப் போட முடியாது. நாலு அடிகூட வைக்க முடியாவிட்டால் நடக்க முயலாமல் அழைத்துவிடுங்கள்.

செலவைப் பற்றிப் பயந்து அழைக்காமல் இருப்பவர்களைத்தான் நினைத்துக் கவலைப்படுகிறேன். ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு எட்டு மணி நேரமாவது வேலை செய்தால், ஓய்வுநேர விபத்தும் வேலையிடக் காப்புறுதியில் அடங்கும். வேலைக்குப் போகாதவர்களுக்கு அடிப்படை மருத்துவக் காப்புறுதி மீட்புச் செலவில் பாதியைத்தான், அதுவும் வருடத்துக்கு 5,000 பிராங்க் வரைதான் தரும். ஊரிலிருந்து வந்த உறவினர் ஷெங்கன் விசாவுக்காக எடுத்த 30,000 யூரோக் காப்புறுதியில் மலைமீட்பு அடங்குகிறதா என்று பத்திரத்தைப் பிரித்துப் படியுங்கள்.

திரும்பி வந்த அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தொடை இரண்டும் கல்லாய் இறுகி நோகும். படியில் பின்பக்கமாக இறங்கத் தோன்றும். அது வழமையானது, மூன்று நாலு நாளில் தானாகப் போய்விடும். படுத்துக் கிடக்காமல் மெல்ல நடங்கள். முழங்கால் வீங்கியிருந்தால், பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால், நடக்கையில் விட்டுவிடுவது போலிருந்தால், ஒரு வாரம் கழிந்தும் ஒரு பக்கம் மட்டும் நோவு நின்றால் வந்து காட்டுங்கள். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனாலும், விமானத்தில் நெடுநேரம் இருந்து வந்த உறவினருக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக நொந்தாலும், அதை நடை அலுப்பு என்று விட்டுவிடாமல் அன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.