மலையில் ராஜ்மா சூப்: கொதித்ததெல்லாம் வெந்ததாகாது

தண்ணீர் தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து, ராஜ்மா விதை வெந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலிலும் ஏறக்குறைய இதே நிலைதான். தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் வற்றுமே தவிரச் சூடு ஏறாது. புகை போட்ட கறியும் ராஜ்மாவும் சேர்த்து வைக்கும் கெட்டி சூப்பில் வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் கறியாக இருக்கும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். விதையை யாரும் சந்தேகிப்பதில்லை.

காய்ந்த ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப்புரதம் இருக்கிறது. சிவப்பு விதையில் அதிகம், வெள்ளையில் குறைவு. வேகாத விதை நாலைந்து உள்ளே போனாலே 1 முதல் 3 மணி நேரத்தில் கடும் வாந்தியும் அதைத் தொடர்ந்து வயிற்றுப்போக்கும் வரலாம். 80 டிகிரி அளவில் அரைவேக்காடாகக் கிடந்தால், பச்சை விதையைவிட நச்சின் வீரியம் பல மடங்கு கூடவும் செய்யும். அதனால் ஊறவைத்த விதையை, மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடுவதோ, விறகடுப்புத் தணலில் இரவு முழுக்க விட்டுவைப்பதோ கூடவே கூடாது.

250 கிராம் ராஜ்மாவை ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் 10 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். மலைக்குளிரில் விதை மெதுவாகத்தான் ஊறும், முதலில் வெதுவெதுப்பான நீர் ஊற்றுவது நல்லது. ஒரு விதையை நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவில் மாவுபோல வெள்ளைத் திட்டு தெரிந்தால் இன்னும் ஊறவில்லை. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் மூடாமல் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, நுரையோடு அந்த நீரையும் கொட்டுங்கள். சத்து போய்விடுமே என்று அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து குக்கர். மலையில் இதற்கு மாற்று இல்லை. புது நீர் ஒன்றரை லிட்டர் ஊற்றுங்கள். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பினால் நுரையும் தோலும் ஆவித்துளையை அடைத்துவிடும். விசில் எண்ணிக்கையை நம்பாமல் கடிகாரத்தைப் பாருங்கள். முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து, சமவெளியில் 20 நிமிடம் வைப்பவர்கள் இங்கே 25 நிமிடம் வையுங்கள். விரலால் நசுக்கினால் உள்ளே கட்டி இல்லாமல் வெண்ணெய்போல மசிய வேண்டும். பழைய விதை இதிலும் மசியாது, இன்னும் 10 நிமிடம் கொடுங்கள்.

புகை போட்ட பன்றிக்கறி 200 கிராம் போதும். புகை காட்டியது வேறு, வெந்தது வேறு. பல வகைகள் பச்சைதான். உப்பும், பதப்படுத்தச் சேர்க்கும் நைட்ரைட்டும் போட்ட கறி வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே இருக்கும் என்பதால், நிறத்தை வைத்துப் பதம் சொல்ல முடியாது. வெந்நீரில் அரைமணி ஊறவைத்து நீரைக் கொட்டினால் உப்பு கொஞ்சம் இறங்கும். துண்டுகளாக்கி, குக்கரை மூடும் முன்பே ராஜ்மாவோடு போட்டுவிடுங்கள்.

மூடி திறந்த பிறகு வதக்கிய வெங்காயம், எட்டுப் பல் மலைப்பூண்டு, இரண்டு கேரட், தைம் என்ற வாசனை இலை சேர்த்துக் கால் மணி கொதிக்கவையுங்கள். தக்காளியின் புளிப்பு விதையை மசியவிடாது, அதனால் அது எப்போதும் கடைசியில்தான். ஒரு கரண்டி ராஜ்மாவை மசித்துக் கலந்தால் சூப் கெட்டியாகும். உப்பு ருசி பார்த்த பிறகே. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தனியாக உப்பே தேவைப்படாது. புகை போட்ட கறி போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் வகைப்படுத்தியிருக்கிறது. வாரந்தோறும் வைக்கிற சூப்பாக இது ஆகிவிட வேண்டாம்.

மிஞ்சியதை, ‘ஊட்டிக் குளிரே ஃபிரிட்ஜ்தானே’ என்று அடுப்படியில் விடாதீர்கள். கனமான பாத்திரத்தின் நடுவில் மணிக்கணக்கில் இளஞ்சூடு நிற்கும், கிருமிக்கு அதுவே தோது. அகலமான தட்டில் ஊற்றி ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் வீட்டில் பலருக்கும் ஒன்றாக வாந்தி வந்தால், ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அங்கே கறியைப் பற்றி மட்டும் சொல்லாமல், ராஜ்மா சாப்பிட்டதையும் அதை எப்படி வேகவைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.