வெள்ளரிக்காய்க் குதிரை

ஓபோன் என்பது ஜப்பானியர் முன்னோர்களை நினைக்கும் கோடைத் திருநாள். அதைப் பற்றிய கேள்வி ஜூன் பாதியிலேயே தொடங்கிவிடும். "ஓபோன் வருகிறதே, பிள்ளைகளுக்கு என்ன கைவேலை கொடுக்கலாம்?" என்று புதிதாக வகுப்பெடுக்க வந்தவர்கள் கேட்பார்கள். இணையத்தில் தேடினால் கண்ணில் படுவது வெள்ளரிக்காய்க் குதிரையும் கத்தரிக்காய் மாடும். நாலு பல்குச்சியைக் குத்தினால் கால் ஆகிவிடும். செலவு கிடையாது, படம் எடுத்தாலும் அழகாக இருக்கும். நான் மட்டும் வேண்டாம் என்பேன். ஏன் என்று வாசலில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாத கதை அது.

வார நாட்களில் நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை காலையில், கலிஃபோர்னியாவில் ஜோதோ ஷின்ஷூ என்ற ஜப்பானியப் பௌத்தப் பிரிவின் கோயில் ஒன்றில், டார்மா ஸ்கூல் என்ற ஞாயிறு தர்ம வகுப்பில் ஆறிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். கணவர் குடும்பம் நான்கு தலைமுறையாக இந்தக் கோயிலைச் சேர்ந்தது. கல்யாணத்துக்கு முன்பு எனக்குப் பௌத்தம் என்றால் பாடப்புத்தகத்தில் படித்த அசோகரும் போதி மரமும்தான். பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் நானும் கற்றேன். அதனால் தப்புகளையும் பிள்ளைகள் முன்னிலையிலேயே செய்தேன்.

முதலில் இந்தக் கோயில்களைப் பற்றிக் கொஞ்சம். கியோட்டோவின் நிஷி ஹொங்வான்ஜி தலைமைக் கோயிலிலிருந்து இரண்டு குருமார்கள் 1899இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வந்து இறங்கியதிலிருந்து இவர்களுடைய அமெரிக்கக் கதை தொடங்குகிறது. உள்ளே போனால் பெஞ்சு வரிசை, ஆர்கன், ஞாயிறு வழிபாடு, பாட்டுப் புத்தகம் என்று பாதி தேவாலயம் போலவே இருக்கும். பெயரும் அப்படித்தான். 1944இல், உலகப் போரின்போது யூட்டாவின் டோபாஸ் முகாமில் இவர்கள் அடைபட்டிருந்த காலத்தில்தான் இந்த அமைப்பு தன் பெயரை 'புத்திஸ்ட் சர்ச்சஸ் ஆஃப் அமெரிக்கா' என்று மாற்றிக்கொண்டது. "புத்தர் கோயிலுக்கு ஏன் சர்ச் என்று பேர்?" என்று ஏதாவது ஒரு குழந்தை வருடத்துக்கு ஒரு முறையாவது கேட்கும். அந்த முகாமுக்குப் பிறகு வருகிறேன்.

குதிரைக் கதைக்கு வருவோம். நான் வகுப்பெடுக்க வந்த இரண்டாவது வருடம். ஓபோன் என்றால் முன்னோர்களை நினைக்கும் கோடைத் திருநாள் என்ற அளவுக்குத் தெரியும். நம் ஊர் ஆடி அமாவாசை போல என்று நானே முடிவு செய்துகொண்டேன். படித்த இடத்தில், முன்னோர்களின் ஆவி சீக்கிரம் வீட்டுக்கு வர வெள்ளரிக்காய்க் குதிரை, மெதுவாகத் திரும்பிப் போகக் கத்தரிக்காய் மாடு என்று போட்டிருந்தது. அப்படியே பிள்ளைகளிடம் சொன்னேன். எல்லோரும் ஆசையாகச் செய்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

அதில் ஒரு பையனுக்கு ஆறு வயது. அவனுடைய ஜிச்சான், அதாவது தாத்தா, அந்த மார்ச் மாதம் தவறியிருந்தார். பத்து நாள் கழித்து அவன் அம்மா கூப்பிட்டார். ஜன்னல் ஓரத்தில் வைத்த குதிரை அழுகி நீர் விட்டு, ஒரு கால் உள்ளே போய்விட்டதாம். தூக்கிப் போட விடாமல் அழுகிறானாம். "தாத்தா இன்னும் வரவில்லையே, குதிரை செத்துப் போனால் எப்படி வருவார்?" என்கிறானாம். ராத்திரி முன்கதவைப் பூட்ட விடுவதில்லையாம். அந்த அம்மா கோபமாகப் பேசவில்லை. இப்போது நான் அவனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

எங்கள் சென்செய்யிடம் போனேன். குருவை இங்கே அப்படித்தான் அழைப்பது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது நம் வழக்கமே இல்லையம்மா" என்றார் பொறுமையாக. ஜப்பானில் வேறு பல பௌத்தப் பிரிவுகளில் உண்டு. வாசலில் தீ மூட்டி ஆவிகளை வரவேற்பதும் உண்டு. ஜோதோ ஷின்ஷூவில் இரண்டும் கிடையாது. இறந்தவர் அமிதாப புத்தரின் கருணையால் அவருடைய உலகமான தூய நிலத்தில் பிறந்து புத்தராகிவிடுகிறார், அப்போதே நமக்காகத் திரும்பியும் விடுகிறார் என்பது இவர்களுடைய நம்பிக்கை. "வருடத்தில் மூன்று நாள் மட்டும் வருவதற்கு அவர் எங்கே போயிருந்தார்?" என்று சென்செய் கேட்டார்.

அன்றைக்குக் கற்ற பாடம்தான் இன்றுவரை என் வகுப்பை நடத்துகிறது. எது தர்மம், எது வழக்கம், எந்த வழக்கம் யாருடையது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பிறகுதான் பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டும். ஜப்பானிலிருந்து வந்ததெல்லாம் பௌத்தம் இல்லை. பௌத்தம் என்று சொல்வதெல்லாமும் நம் கோயிலுடையது இல்லை.

இதற்காகவே வகுப்பில் இரண்டு செருப்பு அட்டைப்பெட்டிகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் 'புத்தர் சொன்னார்', மற்றொன்றில் 'பாச்சான் செய்வார்' என்று எழுதியிருக்கும். பாச்சான் என்றால் பாட்டி. படம் போட்ட சீட்டுகளைப் பிள்ளைகள் எடுத்து, எந்தப் பெட்டி என்று சண்டை போட்டு முடிவு செய்ய வேண்டும். மார்ச் 3ஆம் தேதி கொலு போலப் படிகட்டி வைக்கும் ஹினா பொம்மைகள் பாட்டி பெட்டி. நவம்பரில் மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குக் கிமோனோ உடுத்திக் கூட்டிப் போகும் ஷிச்சி-கோ-சான் பௌத்தமல்லாத ஷின்தோ மதக் கோயில் வழக்கம், அதுவும் பாட்டி பெட்டி. சோற்றில் சாப்பாட்டுக் குச்சியை நட்டு வைக்கக் கூடாது என்பதும் அதே பெட்டிதான். காரணத்தையும் சொல்லிவிடுவேன். இறந்தவர் தலைமாட்டில் வைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவார்கள். குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றுவதும் கூடாது. தகனம் முடிந்து எலும்பு பொறுக்கும்போது இரண்டு பேர் அப்படிச் சேர்ந்து எடுப்பது வழக்கம். பிள்ளைகள் பயப்படுவார்களோ என்று முதலில் தயங்கினேன். காரணம் தெரிந்த பிறகு யாரும் குச்சியை நடவில்லை.

தாருமா பொம்மைச் சீட்டு வந்தால் எனக்குக் கொண்டாட்டம். கண் வரையாத அந்தச் சிவப்பு உருண்டை போதிதர்மர்தான், தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்று மரபு சொல்கிறது என்று கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன். ஆனாலும் அவர் ஜென் மரபுக்காரர், நம் பெட்டி இரண்டிலும் சேர மாட்டார். ஒரு சிறுமி அவருக்காக மூன்றாவதாக ஒரு சின்னப் பெட்டி செய்துகொண்டு வந்தாள். 'பக்கத்து வீடு' என்று எழுதியிருந்தது. வெள்ளரிக்காய்க் குதிரை இப்போது அதில்தான் இருக்கிறது, படமாக.

சாப்பிடும் முன் சொல்லும் 'இத்தாதாகிமாஸ்' எந்தப் பெட்டி என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 'பணிந்து பெற்றுக்கொள்கிறேன்' என்று பொருள். உயிரைக் கொடுத்த மீனுக்கும் நெல்லுக்கும் சமைத்த கைக்கும் சொல்வது என்றால் அது தர்மம்தானே என்கிறான் ஒருவன். வீட்டில் அப்பா கைபேசியைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார், அப்படியானால் வழக்கம்தான் என்கிறாள் இன்னொருத்தி. அந்த அப்பா அன்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அப்பா ஏன் அங்கே இருந்தார் என்றால், பிள்ளையை இறக்கிவிட்டுக் காப்பி குடிக்கப் போவதை என் வகுப்பில் நிறுத்திவிட்டேன். மாதத்தில் ஒரு ஞாயிறாவது பெற்றோரில் ஒருவர் உள்ளே உட்கார வேண்டும். என் வகுப்பில் பாதிக்கு மேல் கலப்புக் குடும்பங்கள். அம்மா மெக்சிகோ கத்தோலிக்கர், அப்பா ஜப்பானிய அமெரிக்கர், இப்படி. "நான் கைகூப்பினால் மதம் மாறியதாகிவிடுமா?" என்று தயங்குகிறவர்கள் உண்டு. கைகூப்ப யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, பிள்ளை என்ன கற்கிறது என்று தெரிந்திருந்தால் போதும் என்பேன். பிள்ளை கேள்வி கேட்பது என்னிடம் அல்ல, காரில் வீட்டுக்குப் போகும்போது அவர்களிடம். அங்கே தப்பான பதில் கிடைத்தால் என் ஒரு மணி நேரம் வீண்.

அப்படிக் கிடைக்கும் தப்பான பதில்களில் மோசமானது 'பச்சி'. ஜப்பானியக் குடும்பங்களில் பிள்ளை விழுந்தாலோ பொம்மையை உடைத்தாலோ பெரியவர்கள் சட்டென்று "பச்சி!" என்பார்கள். செய்ததற்குத் தண்டனை கிடைத்தது என்று அர்த்தம். நம் வீடுகளில் "சாமி கண்ணைக் குத்தும்" என்போமே, அதன் தங்கச்சி. எட்டு வயதுப் பெண் ஒருத்தி, தம்பியைத் திட்டிய மறுநாள் அவனுக்குக் காய்ச்சல் வந்ததால், அது தன் பச்சி என்று இரண்டு வாரம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். இதைக் கர்மம் என்று பெரியவர்களே சொல்லிக்கொடுப்பதுதான் கொடுமை. தண்டிக்கக் காத்திருக்கும் ஒருவர் இந்த மரபில் இல்லவே இல்லை. நல்லவனே தூய நிலம் போவான் என்றால் கெட்டவன் போவதைக் கேட்கவா வேண்டும் என்று நேர்தலைகீழாகப் பேசியவர் ஷின்ரன். 1173இல் பிறந்து தொண்ணூறு வயது வரை வாழ்ந்து இந்த மரபைத் தந்தவர் அவர்தான். 'நாமோ அமிதா புத்சு' என்று இவர்கள் சொல்வதே தப்புச் செய்கிற நம்மையும் விடாத கருணைக்கு நன்றிதான். அமித என்றால் அளவில்லாதது, இதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. தாய்மார்களே, பாட்டிமார்களே, பச்சியைப் பிள்ளைகள் முன்னால் சொல்லாதீர்கள். பழக்கதோஷத்தில் வாய் தவறி வந்துவிட்டால், பாட்டி பெட்டி என்று சொல்லிவிடுங்கள்.

ஓபோனுக்குச் சொல்லும் கதையிலும் இந்தக் கவனம் வேண்டும். புத்தரின் சீடர் மொக்கல்லானரை ஜப்பானியர் மொகுரென் என்பார்கள். இறந்த அம்மா பசிப்பேய் உலகில் தவிப்பதைக் காண்கிறார். அவர் கொடுக்கும் சோறு வாய்க்குப் போகும் முன்பே நெருப்பாகிறது. மழைக்காலத் தவம் முடித்த துறவிகளுக்குத் தானம் செய்யச் சொல்கிறார் புத்தர். அம்மா விடுபடுகிறாள், மகன் ஆடுகிறான். ஊசித் தொண்டையும் பானை வயிறுமாகப் பசிப்பேய்ப் படங்கள் நிறைய உண்டு. ஆறு வயதுக்கு அவற்றைக் காட்டாதீர்கள். அம்மாவை இழந்த குழந்தை வகுப்பில் இருந்தால் கதையையே மாற்றி, ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள். ஜோதோ ஷின்ஷூவில் ஓபோனுக்குக் 'காங்கியே' என்றும் பெயர் உண்டு, மகிழ்ச்சியின் கூடுகை. தெருவில் வட்டமாக ஆடும் போன் ஓதோரியை 1930களில் இந்தக் கரையோரக் கோயில்களுக்குப் பரப்பியவர் யோஷியோ இவானாகா என்ற குரு. தங்கோ பூஷி நடனம் எல்லோருக்கும் வரும். நிலக்கரியைத் தோண்டு, தோளில் போடு, நிலாவைப் பார், வண்டியைத் தள்ளு. புத்தருக்கும் நிலக்கரிக்கும் என்ன சம்பந்தம் என்றால், ஒன்றுமில்லை. கியூஷூ சுரங்கத் தொழிலாளர் பாட்டு அது. பெட்டி எது என்று இதற்குள் உங்களுக்கே தெரியும்.

கைக்கும் வாய்க்கும் ஆபத்தான இரண்டு விஷயங்கள். ஓஷோகோ, அதாவது தூபம் இடுதல், செய்யும்போது தூபக் கிண்ணத்தில் கங்கு இருக்கும். தூள் தூபத்தை ஒரு சிட்டிகை எடுத்து ஒரே தடவை போட வேண்டும், நெற்றிக்கு உயர்த்துவதில்லை. எனக்கு இன்றும் விபூதி ஞாபகத்தில் கை தானாக மேலே போகும். பிள்ளைகளை முதல் மாதம் ஆறிய சாம்பலில்தான் பழக்குகிறேன். அடுத்தது டிசம்பர் மொச்சிட்சுகி. இரவெல்லாம் ஊறிய பசையரிசியை அவித்து, மர உரலில் இடித்து உருட்டும் மொச்சி தொண்டையில் அடைத்து, ஜப்பானில் புத்தாண்டுதோறும் முதியவர்கள் இறக்கிறார்கள். நாங்கள் ஐந்து வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை, மற்றவர்களுக்குச் சுண்டைக்காய் அளவு, உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். அடைப்புக்கு முதலுதவி தெரிந்த ஒருவர் அந்த மேஜையை விட்டு நகரக் கூடாது.

அப்புறம், முகாம். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டவுடனேயே பௌத்த குருமார்கள் கைதானார்கள். அடுத்த வருடம் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு வாசலை விட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சூத்திரங்களையும் ஜப்பானிய எழுத்துள்ள காகிதங்களையும் பயத்தில் எரித்த வீடுகள் எத்தனையோ. பெரியவர்கள் பலர் இதைப் பற்றிப் பிள்ளைகளிடம் வாயே திறப்பதில்லை. என் கணவரின் பாட்டியும் அப்படித்தான் இருந்தார், கூடத்தில் இருக்கும் புத்சுதானைப் பற்றி என் மகள் கேட்கும் வரை. மற்ற வீடுகளில் தங்க முலாம் பூசிய அழகான பூஜை மாடம் இருக்கும். எங்கள் வீட்டில் இருப்பது முகாமில் கிடைத்த பெட்டிப் பலகையில் அவர் அப்பா செய்தது. உள்பக்கம் இன்னும் இரண்டு எழுத்தச்சு தெரிகிறது. அதை ஒரு ஞாயிறு வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். தேதி, சட்டம் எதுவும் சொல்லவில்லை. தப்பே செய்யாதவர்களை அடைத்தார்கள், அது அநியாயம், 1988இல் அரசு மன்னிப்புக் கேட்டு உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தது என்று மட்டும் சொன்னேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். இது எந்தப் பெட்டி என்று யாரும் கேட்கவில்லை.

குதிரைப் பையனுக்கு அன்று என்ன பதில் சொன்னோம் என்று கேட்பீர்கள். சென்செய்யே அவன் வீட்டுக்குப் போனார். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்பதை நானே அவனிடம் சொல்ல வேண்டும் என்றார், சொன்னேன். "அப்போ தாத்தா வர மாட்டாரா?" என்றான். அவர் போகவே இல்லை என்றார் சென்செய். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் கதவைப் பூட்டிக்கொள்ளலாமா என்று அம்மாவைக் கேட்டான். குதிரையை மூவருமாகத் தோட்டத்தில் புதைத்தோம்.

அடுத்த ஜூலையில் புதிதாக வந்த ஒரு சின்னப் பெண், வீட்டில் செய்த வெள்ளரிக்காய்க் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் எழுந்து போய் அவளிடம், "இது பக்கத்து வீட்டுக்காரங்க செய்யறது, நல்லாத்தான் இருக்கு" என்றான். பிறகு பல்குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, உப்பு இருக்கிறதா என்று என்னைக் கேட்டான்.